ஹெல்மெட் போட்ட ஐஸ் கட்டி

என் கணவர் பர்ச்சேஸில் இருக்கிறார். நெய்வேலியில் இப்படிச் சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சுரங்கத்துக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு, அந்த போல்ட் எந்த ஊரில் பிறந்தது, யார் கை மாறி வந்தது, யார் அதைச் சோதித்தார் என்றெல்லாம் எழுதி வைத்த பிறகே வாங்குகிற பிரிவு அது. அந்தப் பழக்கத்தை ஆபீஸோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனுஷர் முருங்கைக்கீரை வாங்கினாலும் மரம் யார் வீட்டு மரம் என்று கேட்பார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூடப் பாவங்களுக்கு இணைப்புத் தாள் வைப்பீர்கள் என்று நான் சொல்வதுண்டு. சிரிக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கறி கிடையாது. மீன் உண்டு. கம்பெனி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் எங்களைப் போல் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஏரி மீன் என்றால் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறவர்கள்தான். எல்லோருக்கும் மீன் கொண்டுவருகிறவள் ஒருத்தி. வடக்குத்து ஊரைத் தாண்டி ஏரியோரத்து ஊர்க்காரி. மொபெட்டின் பின்னால் தெர்மாகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாள். குரல் முன்னால் வரும், வண்டி பின்னால் வரும். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். பேரம் பேசினால் மீனைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டு மூடிவிடுவாள். "உங்களுக்கு இன்னிக்கி சாம்பார்தான் சரிப்படும்க்கா" என்பாள். அவளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவளுடைய பெரிய தலைவலி ஐஸ். அவள் ஊர் மின்கம்பியின் கடைசி முனையில் இருக்கிறது. வோல்டேஜ் வருவதும் போவதுமாக இருக்கும். "ஃபிரிட்ஜ் இருக்குதுக்கா, துணி மடிச்சி வச்சிருக்கேன்" என்று ஒரு நாள் சொன்னாள். ஐஸ் ஃபேக்டரி துறைமுகத்துப் பக்கம். அங்கே போய் வாங்கிவந்தால் வீடு சேருவதற்குள் பாதி தண்ணீர். டவுன்ஷிப்பிலோ மின்சாரம் நிற்பதே இல்லை. ஆளுக்கொரு ஃபிரிட்ஜ், அதில் ஆளில்லாத ஃபிரீசர். ஒரு நாள் குடிக்கத் தண்ணீர் கேட்டவளுக்கு நான் ஒரு டப்பா ஐஸைக் கவிழ்த்துக் கொடுத்தேன். அப்படித்தான் தொடங்கியது. பிறகு எதிர்வீட்டு அம்மாள், மூலைவீட்டு அம்மாள் என்று பரவி, சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு சுற்று வந்தால் பெட்டி நிறைந்துவிடும். காசு கிடையாது. நாங்கள் ஐஸைக் கொடுத்தோம், அவள் எங்களுக்கு முதல் மீனை எடுத்து, செதில் தேய்த்து, துண்டு போட்டுக் கொடுத்தாள். கடன் என்றும் இல்லை, தானம் என்றும் இல்லை.

இதை எந்தக் கணவரிடமும் எந்த மனைவியும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுத் தாளில் வீட்டையும் மின்சாரத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி உண்டு. என் கணவரிடம் சொன்னால் ஒரு டப்பா ஐஸுக்கு அனுமதி கேட்டுத் தனக்குத்தானே மனு எழுதி, அதைத் தானே நிராகரிப்பார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பிளாக் வாட்ஸாப் குழுவில் ஒருவர் வயிறு சரியில்லை என்று எழுதினார். காரணம் ஏரி மீன் என்றும் அவரே தீர்ப்புச் சொன்னார். முந்தின நாள் கல்யாண வீட்டில் பிரியாணி, பரோட்டா, ஐஸ்கிரீம், பீடா என்று ஒரு வெட்டு வெட்டியதை ஸ்டேட்டஸில் படம் போட்டவர் அவர். பிரியாணியை யாரும் சந்தேகப்படவில்லை. மீன்காரி தருவது உண்மையில் ஏரி மீனா, யாரோ குட்டையில் வளர்த்த மீனா, நேற்றுப் பிடித்ததா, போன வாரம் பிடித்ததா என்று கேள்விகள் குவிந்தன. என் கணவர் அந்தக் குழுவில் அதுவரை பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொன்னதில்லை. அன்று எழுதினார்: "ஒரு வெளிப்படையான நடைமுறை தேவை."

நான் அடுப்படியில் இருந்தேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் மூவர் குழு அமைந்துவிட்டது. தலைவர் என் கணவர். இரண்டாமவர் எதிர்வீட்டுக்காரர், கம்பெனியில் முறைகேடுகளைக் கண்டுபிடிக்கிற விஜிலென்ஸில் இருப்பவர். பால் பாக்கெட்டை வாங்கினாலும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். மூன்றாமவர் மூலைவீட்டுக்காரர், லேபில் நிலக்கரியின் ஈரப்பதத்தையும் சாம்பலையும் அளக்கிறவர். மீனுக்கும் ஈரப்பத வரம்பு வைக்கலாம் என்று அவர் முதல் கூட்டத்திலேயே முன்மொழிந்தார். தண்ணீரிலேயே கிடக்கிற பிராணிக்கு என்ன வரம்பு வைப்பது என்று நான் காபி கொடுக்கும்போது கேட்டேன். மூன்று பேரும் காபி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

குழுவின் முடிவு இதுதான். ஏரியிலிருந்து எங்கள் வாசல் வரை மீன் எத்தனை கை மாறுகிறது, அந்தக் கைகளுக்குப் பின்னால் யார் பணம் இருக்கிறது, வழியில் மீனோடு என்னவெல்லாம் சேர்கிறது என்று எல்லாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சங்கிலியில் தெரியாத ஒரு கண்ணி இருந்தாலும் அது சரியாகும்வரை மீன்காரிக்கு பிளாக்குக்குள் அனுமதி இல்லை. அதை எழுதிப் பால் பூத் பலகையில் ஒட்டினார்கள்.

மீன்காரி பலகையைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "இன்னாக்கா இது? நாப்பது நாளு நோம்புதான் எனக்கு வருசத்துலயே நல்ல யாவாரம். எம் பங்கு மீன நான் தூக்கலன்னா ஏரி குத்தகைக்காரரு அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாரு. அப்புறம் எங்க போயி நிப்பேன்?" என்றாள். அவள் அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. ஒன்றும் ஆகாது, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொல்லி அனுப்பினேன். கனம் என் ஃபிரீசரில் இருந்தது.

அடுத்த ஞாயிறு விடியலில் மூவரும் காரில் கிளம்பினார்கள். டிபன் கொண்டுவருகிறேன் என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன்.

ஏரியைப் பார்த்ததும் என் கணவர் முகம் மலர்ந்தது. ஏரி அழகாக இருந்ததற்காக அல்ல. வலை இழுக்கிறவர்கள், தூக்கி வருகிறவர்கள், தராசு, குத்தகைக்காரர் என்று எல்லாமே கண்ணுக்கு முன்னால் வரிசையாக இருந்ததற்காக. குத்தகைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் ஒளிக்காமல் சொன்னார்.

"ஏலத்துல எடுத்தங்க. ரசீது இருக்குது, காட்டட்டுங்களா?"

"ஏலத்துக்குப் பணம்?" என்றார் என் கணவர்.

"மேல்பட்டாம்பாக்கத்து மொத்த வியாபாரி முன்பணம் குடுத்தாருங்க. அதனால பெரிய விராலு பூரா அவருக்கு. அவரு வைக்கறதுதான் வெல. மிச்சத்த இந்தம்மா எடுத்துகினு போவுது."

"அவருக்கு யார் பணம் கொடுக்கிறார்?"

குத்தகைக்காரர் டீயை வைத்துவிட்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மொத்த வியாபாரி இன்னும் படுக்கையில் இருந்தார் போல. "எனக்கு யாருங்க குடுப்பாங்க? வூட்டுக்காரம்மா நகைய பேங்க்ல வச்சித்தான் ஓட்டிகினு இருக்கேன்" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "எப்ப மீட்டுத் தருவீங்கன்னு அப்படியே அவர கேக்கச் சொல்லுங்க" என்றது. போன் அவசரமாக வைக்கப்பட்டது.

ஆக ஏரியில் இறங்கின முதலீடு ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து வந்தது. என் கணவர் தலையை ஆட்டினார். லேப்காரர் ஒரு கெண்டையின் செவுளைத் தூக்கி மோந்து பார்த்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. இதோடு முடிந்தது, டிபனைப் பிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது மீன்காரி பெட்டியைத் திறந்து மீனை அடுக்கத் தொடங்கினாள்.

"ஐஸ் எங்கே வாங்கறீங்க?" என்றார் விஜிலென்ஸ்காரர்.

"வாங்கறதில்ல சார்."

"பிறகு?"

"குடுக்கறாங்க."

"யாரு?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா? பேர் சொல்லுங்க."

"மீனப் பத்திக் கேளுங்க சார், அதோட ஆயா வரைக்கும் சொல்றேன். ஐஸப் பத்திக் கேக்காதீங்க." அதைச் சொல்லும்போது என் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

விஜிலென்ஸ்காரருக்குக் கண்கள் மின்னின. கைக்குட்டையை எடுத்தார், அதில் ஒரு ஐஸ் கட்டியைத் தூக்கினார், சூரியனுக்கு நேராகப் பிடித்தார். கட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு ஹெல்மெட் பதிந்திருந்தது. பாதுகாப்பு வாரத்தில் ஊழியர் எல்லோருக்கும் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா. அடியில் ஹெல்மெட் படம் புடைத்துக்கொண்டிருக்கும். அந்த டப்பாவில்தான் நான் தண்ணீர் ஊற்றுவேன். ஐஸ் நன்றாகக் கழன்று வரும்.

"இது டவுன்ஷிப் ஐஸ்" என்றார் அவர், தங்கம் பிடித்தவர் குரலில்.

"எவனோ நம்ம ஆளுதான்" என்றார் லேப்காரர்.

"இந்தக் கண்ணி தெரியலையே" என்று என் கணவர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். "தெரியும்வரை பிளாக்குக்குள்ள வேண்டாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. நடைமுறை."

மீன்காரி அடுக்கின மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும், பின்னால் மொபெட்டில் எங்களோடு வந்திருக்கலாம். சொல்லவில்லை. அந்த நிமிஷம் ஒதுக்கீட்டுத் தாளும் தெரியவில்லை, அவருக்கு ஆபீஸில் வரக்கூடிய மெமோவும் தெரியவில்லை.

"அந்த ஐஸ் நம்ம வீட்டு ஐஸ்ங்க" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் கணவர் மெதுவாக, "விசாரணை நடக்கும்போது விளையாட்டு வேண்டாம்" என்றார்.

"விளையாட்டில்லை. நான்தான் கொடுக்கிறேன். வாரா வாரம்."

"மேடம் பாசத்துல சொல்றாங்க சார்" என்றார் லேப்காரர். விஜிலென்ஸ்காரர் இன்னும் கனிவாக, "தானா வந்து ஒத்துக்கிறவங்களை நாங்க உடனே நம்பமாட்டோம்மா, யாரையோ காப்பாத்தறாங்கன்னு அர்த்தம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் டிபன் கேரியரை ஏரியில் வீசியிருப்பேன். உள்ளே நான் பிழிந்த இடியாப்பம் இருந்ததால் விட்டேன். இவர்களுக்கு ஏரி தெரிகிறது, ஏலம் தெரிகிறது, மேல்பட்டாம்பாக்கத்து அம்மாளின் அடகு நகை தெரிகிறது. ஆனால் இந்த மூவரில் ஒருவராவது தன் வீட்டு ஃபிரீசரைத் திறந்து பார்த்தவரில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சொல்வார்கள். இவர்கள் அலைவதற்குக் காரும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"சரி. வந்து திறந்து பாருங்க" என்றேன்.

என் கணவரின் கர்வம் விழித்துக்கொண்டது. "பார்த்துடலாம். வெளிப்படைத்தன்மை நம்ம வீட்டிலிருந்தே தொடங்கட்டும்" என்று உறுப்பினர்களைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து, இருவர் சாட்சியாக நிற்க, தன் கையாலேயே ஃபிரீசரைத் திறந்தார். சனிக்கிழமை ஐஸைக் கொடுத்ததும் மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவது என் வழக்கம். அவள் திரும்பி வரும்போது மிச்ச மீனுக்கு வேண்டுமே. மேலும் கீழுமாக டப்பாக்கள். ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளங்கையில் ஹெல்மெட்.

விஜிலென்ஸ்காரர் சிரித்தார் பாருங்கள், பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும். "தலைவர் வீட்டிலேயேவா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். என் கணவர் காது வரை சிவந்துபோனார். ஆனால் நடைமுறை தெரிந்தவர். "குழுன்னா எல்லா உறுப்பினரும் சமம். அடுத்த வீட்டையும் பார்க்கணும்" என்றார்.

எதிர்வீட்டு அம்மாள் நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் சாவி தொலைந்துவிட்டது என்றாள். சாவி ஃபிரிட்ஜிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே எங்கள் வீட்டைவிட அதிக ஐஸ். விஜிலென்ஸ்காரரின் சிரிப்பு நின்ற இடம் தெரியவில்லை. மூலைவீட்டில் லேப்காரர் தாமே முந்திக்கொண்டு, "எங்க வீட்டிலயும் இருக்கு, ஆனா அது எங்க அம்மா முட்டிவலிக்கு" என்றார். மனைவி சொன்னதை மாதக்கணக்காக அப்படியே நம்பியிருக்கிறார். அவர் அம்மா உள்ளேயிருந்து, "எனக்கு எந்த முட்டியிலடா வலி?" என்று கேட்டார். "ஈரப்பதம் எவ்வளவு சார்?" என்றேன் நான்.

நான் மீன்காரிக்கு போன் செய்தேன். அதற்குள் வடக்குத்துத் தெருக்களில் பாதி மீனை வந்த விலைக்கு விற்றிருந்தாள். மிச்சத்தைக் கொண்டுவா என்றேன். "சார் இன்னா சொன்னாரு?" என்றாள். சார் ஒன்றும் சொல்லும் நிலையில் இல்லை என்றேன்.

எங்கள் ஹாலில் குழு கூடியது. அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேள்வி. ஐஸைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றார் விஜிலென்ஸ்காரர். மீனின் இயற்கையான குளிர்ச்சி என்று போடலாம் என்றார் லேப்காரர். அப்படியெல்லாம் பேசுவதற்கு அவர்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒதுக்கீட்டுத் தாளின் அந்த வரி எல்லோருக்கும் மனப்பாடம். என் கணவர் நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தம்மாகிட்ட கேட்டோமே, எல்லாம் தெரியணும்னு. நம்ம வரைக்கும் வந்தா மட்டும் மறைக்கிறதா?" என்றார். எழுதினார். ஏரி, குத்தகைக்காரர், மொத்த வியாபாரி, மீன்காரி. கடைசியில், ஐஸ் என்று போட்டு எங்கள் குவார்ட்டர்ஸ் எண்ணையும் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற வீடுகளை எழுதவில்லை. அது அவரவர் எழுதவேண்டியது என்றார். மறுநாள் காலை அந்தத் தாளைப் பால் பூத் பலகையில் ஒட்டினார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் நடைமுறைகளை நான் கேலி செய்யாத நாள் இல்லை. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. யாராவது அதைப் படம் பிடித்து மேலே அனுப்பினால், ஓய்வு பெறப் போகிற காலத்தில் இந்த மனுஷர் ஒரு ஐஸ் டப்பாவுக்காகக் கைகட்டி நிற்கவேண்டி வரும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நன்றாக இறங்கியது.

அடுத்த ஞாயிறு மீன்காரி வந்தாள். வழக்கம்போல் குரல் முன்னால் வரவில்லை. பால் பூத் அருகே வண்டி நின்றிருந்தது, அவள் பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிளாக்கே பாத்திரத்தோடு சுற்றி நின்றது. என் கணவர் நன்றியை எதிர்பார்த்து ஒரு அடி முன்னால் வந்தார்.

அவள் அந்தத் தாளைப் பலகையிலிருந்து ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க? உங்க பேரு, உங்க வூட்டு நம்பரு! நாளைக்கி ஆபீஸ்ல கேட்டா யாரு பதிலு சொல்லுவாங்க?"

"உண்மையை எழுதணும்ல?" என்றார் அவர்.

"அந்த உண்மைய அன்னிக்கே நான் சொல்லியிருக்க மாட்டனா? எம் மீனு பூரா வெயில்ல கெடந்துது, வாயத் தொறந்தனா? நீங்க படிச்சவங்க, ரெண்டு நாள்ல எழுதி ஒட்டிப்புட்டீங்க." அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "மீனு எங்கிருந்து வருதுன்னு ஊரக் கூட்டி வச்சிக் கேளுங்க சார், சொல்றேன். எனக்கு யாரு ஒத்தாச பண்றாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. அத்தக் கேட்டா, அப்புறம் ஒருத்தரும் பண்ண மாட்டாங்க."

என் கணவருக்கு எதற்கும் ஒரு விதி தெரியும். இதற்குத் தெரியவில்லை. அவள் பெட்டியைத் திறந்தாள், நல்ல விரால் ஒன்றை எடுத்தாள், கிழித்த தாளிலேயே சுற்றி அவர் கையில் வைத்தாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவர் மீன் வாங்கினது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் நான் மாதா கோயிலிலிருந்து திரும்பியபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. ஃபிரீசர் கதவு திறந்திருந்தது. என் கணவர் பாதுகாப்பு வார டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சிந்தாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். பிறகு, வெளிப்படைத்தன்மைக் குழுவின் தலைவர், ஜன்னலைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

சொல்லவில்லை. பாருங்கள், இதில் ஒருத்தர் பெயராவது போட்டிருக்கிறேனா?